வலிப்பு, பக்கவாதம், நடுக்குவாதம்: ஊருக்குள் தன்னார்வ வேலை எப்படிச் செய்வது? (நெல்லை மாவட்ட இழை)

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட நாலைந்து ஊர் இளைஞர்கள் சேர்ந்து, நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்காக ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வலிப்பு, பக்கவாதம், நடுக்குவாதம் (பார்கின்சன் நோய்) மூன்றும்தான் எங்கள் பக்கம் அதிகம் கண்ணில் படுகிறது. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம். அன்றைக்கு ஒரு பேரணி, நாலு ஃபிளெக்ஸ், ஒரு டாக்டர் பேச்சு, டீ, பிஸ்கட். இதுதான் இப்போதைய திட்டம். ஆள் பலம் உண்டு, பண பலம் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அனுபவக் கதை வேண்டாம். என்ன செய்யணும், எங்கே கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும், அது போதும்.

பாளை_செவிலி

தம்பி, முதல்ல ஃபிளெக்ஸ் காசை மிச்சம் பிடிங்க.

விழிப்புணர்வுன்னு போற எல்லாரும் "இரும்பைக் கொடுக்காதீங்க, வாயில ஸ்பூன் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க"ன்னு ஏழெட்டுக் "கூடாது" சொல்லிட்டு வந்துருதாங்க. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் விழுந்து துடிக்கும்போது சுத்தி நிக்கிறவங்க கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கு வேறொரு வேலை கொடுத்தாத்தான் சாவிக்கொத்தைத் தேடாது. நீங்க கத்துக்கொடுக்க வேண்டியது அந்த வேலையைத்தான்.

இரும்பு ஏன் பலிக்கிற மாதிரித் தெரியுதுன்னா, பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிரும். யாராவது சாவியைத் தேடி எடுத்துக் கையில திணிக்கவும் அது நிக்கவும் சரியா இருக்கும். இதை இப்படியே விளக்குங்க, ஜனங்க ஏத்துக்குவாங்க. "மூடநம்பிக்கை"ன்னு ஆரம்பிச்சா பெரியவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க.

பேச்சுக்குப் பதிலா ஒத்திகை நடத்துங்க. ஒருத்தரைத் தரையில் படுக்க வைங்க. மற்ற நாலு பேருக்கு நாலு சோலி.

முதல் ஆள் கையில் செல்போன், அதில் மணி மட்டும் பார்க்கணும். எப்ப ஆரம்பிச்சுது, இப்ப எத்தனை நிமிஷம்னு உரக்கச் சொல்லணும். இரும்பு தேடுற ஆள் யாரோ அவர்கிட்டயே இந்த வேலையைக் கொடுங்க.

ரெண்டாவது ஆள் தலைமாட்டுக்கு. மடிச்ச துண்டைத் தலைக்கடியில் வைக்கணும், கண்ணாடியைக் கழற்றணும், கழுத்துப் பட்டனைத் தளர்த்தணும். கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பிடிச்சா வலிப்பு நிக்காது, தோள் மூட்டு நழுவும்.

மூணாவது ஆள் சுத்தி இருக்கிற கல், சைக்கிள், அடுப்பு, சூடான டீ எல்லாத்தையும் அப்புறப்படுத்தி, கூட்டத்தைப் பின்னால தள்ளணும். வலிப்புல சிறுநீர் போயிரும். இடுப்புல ஒரு துண்டைப் போட்டு மூடுறதும் இவர் வேலை. முழிச்சதும் ஆள் முதல்ல பார்க்கிறது தன் துணியைத்தான்.

நாலாவது ஆள் வீட்டுக்குத் தகவல் சொல்லணும். தேவைப்பட்டா 108.

உதறல் அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். நீங்க உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கையை விரிச்சு மேல்நோக்கி மடக்குங்க. எதிர்ப் பக்கத்துக் கையை எடுத்து அவர் கன்னத்துக்கடியில் புறங்கை படும்படி வைங்க. அதே எதிர்ப் பக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடிச்சு உங்க பக்கமா இழுத்தா உடம்பு தானா உருண்டு வரும். தாடையைக் கொஞ்சம் மேல தூக்கி, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி விடுங்க, எச்சி வெளிய வடியும். நாக்கை யாரும் விழுங்க முடியாது. வாயில எதையாவது திணிச்சா பல் உடையும், இல்ல திணிச்சவர் விரல் போகும்.

108 எப்பன்னா: அஞ்சு நிமிஷம் தாண்டினா, நினைவு திரும்பாம அடுத்தது வந்தா, தண்ணிக்குள்ள வந்தா, கர்ப்பிணியா இருந்தா, தலையில் அடிபட்டா, சர்க்கரை நோயாளியா இருந்தா, இதுதான் வாழ்க்கையில் முதல் தடவைன்னா. ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு வழக்கம் போல வந்து ரெண்டு நிமிஷத்துல அடங்கினா ஆம்புலன்ஸ் தேவையில்லை. முழிச்ச பிறகு பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி வரை குழப்பமா இருப்பார், சிலர் எந்திரிச்சு நடப்பாங்க. மறிச்சுப் பிடிக்காம கூடவே பைய நடங்க. முழுசா தெளிஞ்சு, பேர் ஊர் சரியாச் சொன்ன பிறகுதான் தண்ணி.

ஒரு சின்ன வித்தை. ஒத்திகைக்கு முன்னால எல்லாரையும் ரெண்டு நிமிஷம் பேசாம நிக்க வைங்க. பாதியிலேயே "முடிஞ்சுதா"ன்னு கேட்பாங்க. வலிப்பைப் பார்க்கிறவங்களுக்கு நேரம் எவ்வளவு நீளமாத் தெரியும்னு அப்பதான் புரியும். அஞ்சு நிமிஷக் கணக்கை மனசை நம்பாம மணியைப் பார்த்து ஏன் சொல்றோம்னும் விளங்கும்.

மேலப்பாளையம்_டீச்சர்

அக்கா சொன்ன ஒத்திகையை எங்கே, எப்போது என்பதுதான் அடுத்த தலைவலி. மண்டபம் பிடித்து மைக் கட்டினால் முன் வரிசையில் கட்சிக்காரர்கள் உட்கார்வார்கள். கேட்க வேண்டிய பெண்கள் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர் எல்லாம் அப்படித்தான். அவர்களிடம் நீங்கள் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் ஐந்தாறு பேர் கூடி உட்கார்ந்து சுற்றும் நேரம் நல்லது. கை ஓடிக்கொண்டே இருக்கும், காது சும்மாதான் இருக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பீடியைக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போடும் நேரத்தில் போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மேலப்பாளையத்தில் வெள்ளி மதியம் தவிர்க்கவும்.

நூறு நாள் வேலை நடக்கும் இடமும் நல்லது. வருகைப் பதிவு முடிந்து மண்வெட்டி எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் கேளுங்கள். பணித்தள பொறுப்பாளரிடம் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி. விழுந்து துடிப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். குழந்தை பாடத்தின் நடுவில் பத்து இருபது விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குவதை ஆசிரியர் "கனவு காணுது" என்று குட்டுவார். அதுவும் வலிப்பாக இருக்கலாம். ஒரு நாளில் பல தடவை வரும். எழுத்து பாதியில் நின்று கோடாக இழுபட்டிருக்கும் நோட்டைப் பெற்றோரிடம் காட்டச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது உதவும். வலிப்பு வந்த பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. கொஞ்சம் தூங்க விட்டால் அடுத்த பாடத்துக்கு உட்காரும். விளையாட்டுக்கு விடலாம். மரம் ஏறுவதும், ஆள் துணை இல்லாமல் நீச்சலும்தான் வேண்டாம்.

ராதாபுரம்_குரல்

எல்லாரும் பேரணியை ஒரேயடியாத் தள்ளுறீங்களே. பேரணியால ஒரு லாபம் உண்டு வே. இது மறைக்க வேண்டிய நோய் இல்லைன்னு தெருவுல சத்தமாச் சொல்றதுக்கு வேற வழி என்ன இருக்கு? ஒளிச்சு வச்சிருக்கிற வீட்டுக்காரங்க ஜன்னல் வழியாவாவது பார்ப்பாங்கல்லா.

பாளை_செவிலி

@ராதாபுரம்_குரல் நடத்துங்க அண்ணாச்சி, தடுக்கலை. ஆனா நோயாளியை முன்னால நிறுத்தி அட்டை பிடிக்க வைக்காதீங்க. வீட்டுல மறைக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் கல்யாணம்தான். பேரணியில் நின்ன பொண்ணை அடுத்த வாரம் பெண் பார்க்க வர்றவங்க காதுக்குச் செய்தி போயிரும். தெருவுல எது பேசணும்னா, 1999-ல் வந்த திருமணச் சட்டங்கள் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடை இல்லை. முன்னால இருந்தது, எடுத்தாச்சு. இது வக்கீல்மாரிலேயே சிலருக்குத் தெரியாது. மறைச்சுக் கட்டிக்கொடுத்தா நடக்கிறது என்ன தெரியுமா? புகுந்த வீட்டுல மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சு முழுங்க முடியாம பொண்ணு நிறுத்திருது. கல்யாண வீட்டுத் தூக்கக்கேடும் சேர்ந்து அடுத்த சில நாள்ல வலிப்பு வருது.

டவுன்_மருந்தாளுநர்

மாத்திரைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தன்னார்வலர் வருஷம் முழுக்கச் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால், மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான். முறையாக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அப்படியிருந்தும் ஏன் வலிப்பு திரும்ப வருகிறது என்று பார்த்தால், முக்கால்வாசி ஒரு பஸ் கூலி, ஒரு நாள் சம்பளம், ஒரு திருவிழா. மாத்திரை தீர்ந்த அன்றைக்குப் போக முடியாமல் போயிருக்கும்.

செய்ய வேண்டியது: ஒரு வாரத்துக்கு மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்ப வைப்பது. கடைசி அட்டையில் ஏழு மாத்திரை உள்ள இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

கெட்டுப்போகும் இடங்கள் சில. சோடியம் வால்புரோயேட் மாத்திரையை அட்டையிலிருந்து மொத்தமாகப் பிதுக்கி டப்பாவில் போட்டு வைப்பார்கள். அது ஈரம் இழுக்கும் மருந்து, பிசுபிசுவென்று கெட்டுவிடும். கார்பமசெபினும் ஈரத்தில் வீரியம் குறையும். சாமி அலமாரி சரி, அடுப்படி அலமாரி ஆகாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கக் கூடாது. ஒரு கம்பெனி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாற்றுவதும் சரியில்லை.

கடையில் வேறு மருந்து வாங்கும்போது "வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். டிராமடால் என்ற வலி மாத்திரையும் சிப்ரோஃபிளாக்சசினும் வலிப்பைக் கிளப்பிவிடக்கூடியவை. ஃபெனிட்டாயின், கார்பமசெபின் சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதற்காகக் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே நரம்பியல் டாக்டரிடம் மருந்து மாற்றுவது பற்றிக் கேட்க வேண்டும்.

இரண்டு வருஷம் வலிப்பே வரவில்லை என்றால்தான் நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். அதுவும் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து. இந்த முடிவில் தன்னார்வலருக்குப் பங்கே கிடையாது.

பனங்காட்டான்

கோயில் கொடை (ஊர்க்கோயில் திருவிழா) பத்தி யாரும் சொல்லலையே? சித்திரை, வைகாசி, ஆடியில எங்க பக்கம் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு, சாமக்கொடை. அந்த ரெண்டு நாள்ல விழுறவங்க அதிகம். "அம்மன் இறங்கிட்டா"ன்னு விட்டுருதாங்க.

பாளை_செவிலி

@பனங்காட்டான் நல்ல கேள்வி. காரணம் ரெண்டுதான்: தூக்கம் கெட்டது, விரதம்னு ராத்திரி மாத்திரையை விட்டது. வலிப்பு உள்ளவங்க கொடைக்கு வரலாம். படைப்பு முடிஞ்சதும் வீட்டுல போய்த் தூங்கிட்டு விடிஞ்சு வரட்டும். மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணி விரதத்தைக் கெடுக்காதுன்னு பூசாரி வாயால சொல்ல வைங்க. பூசாரியை எதிர்த்துக்கிட்டா காரியம் ஆகாது. அவருக்கும் ஒரு வேலை கொடுங்க: திருநீறு பூசி விடும்போதே "மாத்திரை போட்டியா?"ன்னு கேட்கணும். தர்காவில் ஓதித் தண்ணி கொடுக்கிற ஹஜ்ரத்கிட்டயும் இதையே கேளுங்க. பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு ஆறு. பாபநாசத்துல ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஆழத்துக்குப் போகவே கூடாது. தாமிரபரணியில் தினம் குளிக்கிற பழக்கமா, படித்துறையில் உட்கார்ந்து செம்புல மொண்டு ஊத்தணும், பக்கத்தில் விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். கணுக்கால் தண்ணியில் குப்புற விழுந்தாலும் போதும். தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா தலையைப் பின்னாலிருந்து தாங்கி மூக்கும் வாயும் வெளிய இருக்கும்படி பிடிங்க, சீக்கிரம் கரைக்குக் கொண்டு வாங்க, மூச்சு இருக்கான்னு பாருங்க. நல்லா முழிச்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கலாம். வீட்டுக் குளியலறையில் உள்தாழ்ப்பாள் வேண்டாம், கதவுல ஒரு துண்டு தொங்கினா ஆள் இருக்குன்னு அர்த்தம்.

ராதாபுரம்_குரல்

எங்க பக்கத்துக்கு அதோட பனையேத்தமும் கடலும் சேர்த்துக்கோங்க. பனையேறுற ஆளுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா வேலையை விடச் சொல்றது சுலபம், வீட்டுல உலை யார் வைக்கிறது? பதநீர் காய்ச்சுறதும் ஆகாது, கொதிக்கிற பாத்திரத்துல விழுந்துரலாம். ஓலைப்பெட்டி முடையறது, கருப்பட்டி எடை போட்டுக் கட்டுறது மாதிரி தரையில் உட்கார்ந்து செய்யுற வேலைக்கு மாத்தி விட முதலாளிகிட்ட நாலு பெரியவங்க போய்ப் பேசணும். பேரணியைவிட இதுக்குத்தான் ஆள் வேணும், ஒத்துக்கிடுதேன். வண்டி லைசென்ஸ் விண்ணப்பத்திலும் வலிப்பு உண்டான்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லைன்னு எழுதிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டுறதைத் தெரிஞ்சும் விடக் கூடாது.

பொருநைக்கரை

குறித்துக்கொண்டேன். பக்கவாதத்துக்கு வருவோமா? இங்கே முகம் கோணினால் முதலில் எண்ணெய், புறா ரத்தம், அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

108_பழைய_கை

பக்கவாதத்தில் எல்லாம் நேரம்தான். ரத்தக்குழாய் அடைத்து வரும் வாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். கசிவாக இருந்து ஊசி போட்டால் ஆளே போய்விடுவார். அதனால்தான் "வாதம்" என்றதும் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வெளியே இருந்து பார்த்து அடைப்பா கசிவா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

அடையாளம் மூன்று. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா. இரண்டு கையையும் நீட்டிப் பத்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா. "ஆத்துல தண்ணி வருது" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் 108. திடீரென்று தள்ளாட்டம், ஒரு கண் பார்வை போவதும் இதில் சேரும். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் விடக் கூடாது, பெரியது பின்னால் வரலாம்.

கைக்கு வேலை என்று அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒருவர், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்ற மணியைக் காகிதத்தில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி அதுதான். தூங்கி எழும்போது வாதம் என்றால், படுக்கப் போன நேரத்தை எழுதுங்கள், எழுந்த நேரத்தை அல்ல. இன்னொருவர் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட வேண்டும். அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இருந்தால் மேலே வையுங்கள். இன்னொருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். 108-இல் தெருப் பெயரைவிட ரேஷன் கடை, கோயில், தண்ணீர்த் தொட்டி என்று அடையாளம் சொன்னால் வண்டி சீக்கிரம் வரும். சோறு, தண்ணீர், காப்பி எதுவும் வாயில் கூடாது, விழுங்கும் தசை வேலை செய்யாமல் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சர்க்கரை குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும், மீட்டர் வீட்டில் இருந்தால் பார்த்து அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை வாதம் வந்த பிறகு யோசிக்கக் கூடாது. சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் இரண்டும் இரவிலும் இருக்கும் இடம் எது என்று இப்போதே விசாரித்து ஊர்ப் பலகையில் எழுதுங்கள். சேரன்மகாதேவி, அம்பை பக்கத்தாருக்கு ஹைகிரவுண்டு (பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை) என்றால், வள்ளியூர், ராதாபுரத்தாருக்கு ஆசாரிப்பள்ளம் (நாகர்கோவில் அரசு மருத்துவமனை) பக்கம். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கி, குளுக்கோஸ் ஏற்றி, மறுபடி ஏற்றிக்கொண்டு போவதில்தான் நாலரை மணியும் கரைகிறது.

புறா ரத்தத்துக்குச் சண்டை போடாதீர்கள். "முதல் நாள் ஸ்கேனுக்கு, மத்ததெல்லாம் டாக்டர் அனுப்பின பிறகு பேசுவோம்" என்று பேரம் பேசுங்கள். வீட்டுப் பெரியவர் அதற்கு இறங்கி வருவார்.

வள்ளியூர்_பிசியோ

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடக்கிறதை நான் சொல்லுதேன்.

கயிற்றுக் கட்டில்லதான் பாதிப் பேர் படுக்கிறாங்க. நடுவுல தொய்ஞ்சு இடுப்பெலும்பு மேல முழுப் பாரமும் விழும், புண் வந்துரும். மரக்கட்டில் அல்லது அகலமான பெஞ்சு, மேல நல்ல மெத்தை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டணும். இடது, மல்லாக்க, வலது. ஒருக்களிக்கும்போது முழுசாத் திருப்பாம, முதுகுக்குப் பின்னால தலையணை கொடுத்துச் சாய்வா வைங்க. குதிகால் படுக்கையில் படாம கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. புட்டத்துக்கு ரப்பர் வளையம் வாங்கி வைக்காதீங்க, சுத்தியுள்ள தோலுக்கு ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கலைன்னா புண் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் பாரம் கொடுக்காதீங்க, நர்ஸுக்குச் சொல்லுங்க.

செயலிழந்த கையைப் பிடிச்சு யாரையும் தூக்கக் கூடாது. தோள் மூட்டு இறங்கிரும், அப்புறம் வலியில பயிற்சியே செய்ய விட மாட்டாங்க. தூக்குற முறை: நாற்காலியை நல்ல பக்கத்தில், கட்டிலை ஒட்டி, கொஞ்சம் சாய்வா போடுங்க. இடுப்பைச் சுத்தி ஒரு தேங்காய்ப்பூத் துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடிங்க. அவர் பாதம் ரெண்டும் தரையில் படணும், உங்க முழங்கால் அவரோட பலவீனமான முழங்காலை முட்டுக் கொடுக்கணும். அவரை முன்னால குனிய வச்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சேர்ந்து எழும்புங்க. ஒத்தை ஆளாத் தூக்குற வீரம் வேண்டாம்.

எண்ணெய் மென்மையாத் தடவலாம், முறுக்கி நீவக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கவனம், அந்தப் பக்கம் சூடு தெரியாது, பொள்ளின பிறகுதான் தெரியும்.

சாப்பாடு: நேரா உட்கார வச்சு, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னக் கரண்டியில். விழுங்கினதை உறுதி செஞ்ச பிறகு அடுத்த வாய். தண்ணியை விட கெட்டியான கஞ்சி பத்திரம். சாப்பிட்டதும் குரல் களகளன்னு மாறினா, இருமினா, நிறுத்துங்க. முடிச்ச பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. பார்க்க வர்ற சொந்தக்காரங்க கண்டிப்பா அல்வாவோட வருவாங்க. நெல்லையில அதைத் தடுக்கிற சக்தி யாருக்கும் கிடையாது, ஆனா நோயாளி வாயில வைக்க விடாதீங்க. கன்னத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு, படுத்ததும் தொண்டைக்கு இறங்கும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபியும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் கொண்டு வந்து தருவாங்க. உங்க ஊர்ல பட்டியலில் சேராத வீடு எதுன்னு கண்டுபிடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்றது பெரிய உதவி. அவங்க வந்து கத்துக்கொடுத்துட்டுப் போற பயிற்சியை மத்த நாள்ல விடாம நடக்க வைக்கணும், அதுதான் உங்க சோலி.

அதோட, பார்த்துக்கிற பொம்பளைக்கு வாரத்துல ரெண்டு மணி நேரம் விடுதலை. நீங்க போய் உட்கார்ந்தா அவங்க ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ போயிட்டு வரட்டும், இல்ல தூங்கட்டும்.

டவுன்_மருந்தாளுநர்

நடுக்குவாதத்துக்குச் சுருக்கமாக. லெவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அல்லது ஒரு மணி பின்பு. பருப்பு, முட்டை, கறியோடு சேர்த்தால் மருந்து சரியாக ஏறாது. டாக்டர் எழுதிய மணியில் கால் மணி தவறினால்கூடச் சிலருக்கு உடம்பு இறுகிவிடும், போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டால் நடுக்கம் மோசமாகும், வேறு எதற்காக அட்மிட் ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். நடக்கும்போது வாசலில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுவார். ஒரு காலடி இடைவெளியில் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டு, கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் நகரும்.

கொக்கிரகுளம்_மனு

சான்றிதழ் விவரம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் உண்டு. நடுக்குவாதம், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்), மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு எல்லாம் அதில் இருக்கின்றன. வலிப்பு மட்டும் தனியாக இல்லை. இதைத் தெரியாமல் வலிப்பு உள்ளவரை முகாம் முகாமாக அலைய விடாதீர்கள். கூடவே அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ இருந்தால் அந்த வகையில் விண்ணப்பிக்கலாம். பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தவர் உடல் இயக்கக் குறைபாடு என்ற வகையில் வருவார். நோய் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீடு செய்வார்கள், மூன்றாம் மாதமே தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆதார், புகைப்படம், ரேஷன் கார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் நகல் இரண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதியலாம். உதவித்தொகை மனு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. நடுக்குவாதம், தண்டுவட மரப்பு போன்ற நாள்பட்ட நரம்பு நோய்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நோயாளியைத் தூக்கி வர வேண்டியதில்லை, மனு கொடுக்க வீட்டு ஆள் போதும்.

பனங்காட்டான்

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டா நன்கொடை வரும்லா?

மேலப்பாளையம்_டீச்சர்

வரும். அடுத்த வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள். வீட்டாரும் நோயாளியும் சம்மதித்தாலும் முகம் தெரியாமல் எடுங்கள், படுக்கையில் கிடப்பதை எடுக்கவே வேண்டாம். ஒரு விதிவிலக்கு: வலிப்பு வரும்போது வீட்டில் ஒருவர் முழு உடம்பும் தெரிய வீடியோ எடுத்து வைத்தால் நரம்பியல் டாக்டருக்கு எந்த வகை வலிப்பு என்று பிடிபடும். அது அந்த வீட்டுப் போனில் இருக்கட்டும், உங்கள் போனில் வேண்டாம். இன்னும் இரண்டு கட்டுப்பாடு: வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள், நோயாளி பெண் என்றால் இருவரில் ஒருவர் பெண். பென்ஷன் பணம், ஏ.டி.எம். கார்டு பக்கம் கையே போகக் கூடாது, அவர்களே எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினாலும்.

பொருநைக்கரை

பேரணியைக் கைவிட்டாச்சு. நவம்பர் 17-க்கு ஊருக்கு இரண்டு இடத்தில் ஒத்திகை. கொடைக்கு வரும் வில்லுப்பாட்டுக் குழுவிடமும் பேசினோம், இடைவேளையில் நாலு வரி சொல்லச் சம்மதித்தார்கள். என்ன சொல்லச் சொல்ல?

பாளை_செவிலி

அண்ணாவி (வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர்) சொல்ல, பின்பாட்டுக்காரர் ஆமா போடுற மாதிரி வைங்க. பாட்டாக் கட்டாதீங்க, இசையில சேதி முழுகிரும்.

"கூட்டத்துல ஒருத்தர் விழுந்து துடிச்சா என்னவே செய்வீரு?" "சாவியைக் கொடுப்பேன்." "அதை மடியில வச்சிட்டு மணியைப் பாரும்." "பார்த்தாச்சு." "தலைக்கு?" "துண்டு." "வாய்க்கு?" "ஒண்ணும் கிடையாது." "உதறல் அடங்குனதும்?" "ஒருக்களிச்சுப் போடணும்." "அஞ்சு நிமிஷம் தாண்டினா?" "நூத்தியெட்டு."

இதை ராத்திரி பத்து மணிக்கு முன்னால, பிள்ளைகள் முழிச்சிருக்கும்போதே சொல்லச் சொல்லுங்க. சாமக்கொடைக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.